மூர்த்தி அண்ணன் டிவியில் செத்த மதியம்

டிவிப் பெட்டி சூடேறினால் அதன் முதுகிலிருந்து கருகிய தூசியும் வெந்த பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வரும். வீட்டுக்கு வீடு கோழிக் குழம்பு கொதித்து அடங்கிய ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், எங்கள் லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரியான கோகிலாம்மாவின் கூடத்தில் அந்த வாசனையும் வியர்வையும் திரண்டு நிற்க, ஒரு பெண்ணின் அலறலும் அதைத் தொடர்ந்து உடுக்கைச் சத்தமும் கேட்டால் குற்றத் தொடர் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். டிவிகளெல்லாம் தட்டையாகிச் சுவரில் ஏறிவிட்ட இந்தக் காலத்திலும், பழுது பார்க்கும் கடை எதையாவது கடக்கும்போது அந்த வாசனை மூக்கில் பட்டால் எட்டி நடந்துவிடுகிறேன்.

ஆரம்பாக்கத்தில் ரயில் பாதைக்குப் பின்னால், வயலை ஒட்டி, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை ஒற்றை அறைகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அதுதான் எங்கள் "லைன்". ஆண்களும் பெண்களில் பாதிப் பேரும் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்கு ரயிலேறிப் போகிறவர்கள். தொடர் இரவில் வரும்போது அவர்களில் பலர் ஷிப்டில் இருப்பார்கள் என்பதால், ஞாயிறு மதியத்து மறு ஒளிபரப்புதான் எங்களுக்கு முதல் ஒளிபரப்பு. "உண்மைச் சம்பவத்தின் அடிப்படையில்" என்று தொடக்கத்தில் ஒரு வரி ஓடும். செய்தியில் சொல்வதை நம்பாத எங்கள் ஜனம் அந்த ஒரு வரியை அப்படி நம்பியது. ரசத்தில் விஷம் வைக்கும் மருமகள் வந்த வாரம், லைனில் இருந்த மாமியார்கள் எல்லோரும் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பிணம் விழுவதற்கு முன்பே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "கொழுந்தன்காரன் மூஞ்சியப் பாரு, அவன்தான்" என்பார் ஒருவர். "நீ வேற, அந்தப் பால்காரன் சும்மா சும்மா வந்துகினு கீறான், அவனை வுட்டுட்டியே" என்பார் இன்னொருவர். கடைசித் தீர்ப்பு எப்போதும் கோகிலாம்மாவுடையது. டிவி அவருடையது என்பதால் தீர்ப்பும் அவருடையதாக இருந்தது. "ரொம்ப அழுவுற பொம்பளையும் நம்பக்கூடாது, அழுவாத பொம்பளையும் நம்பக்கூடாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

எங்கள் பக்கத்து அறையில் இருந்தவர் செல்வி அக்கா. பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. நல்ல கறுப்பு, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், சிரித்தால் லைனின் கோடி வரைக்கும் கேட்கும். அவர் புருஷன் மூர்த்தி அண்ணனுக்கு இரும்பு உருட்டும் "ரோலிங் மில்"லில் வேலை. அவர்களுடைய கைக்குழந்தை நித்யா பாதி நாள் என் இடுப்பில்தான் இருப்பாள். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பிள்ளை தூக்கிப் பிள்ளை தூக்கி என் இடுப்பே ஒரு பக்கம் கோணிவிட்டது என்று அம்மா திட்டுவார்.

மில்லில் வேலை செய்கிறவர்களின் "சேப்டி ஷூ"வில் நாடா இருக்காது. பழுத்த கம்பியிலிருந்து தெறிக்கும் பொறி விழுந்து நாடா பொசுங்கிவிடும் என்பதால், கட்டடத்தில் கம்பிகளைப் பிணைக்கிற கட்டுக்கம்பியை வைத்து இறுக்கி முறுக்கிவிடுவார்கள். மற்றவர்களுடைய ஷூவில் முறுக்கு முன்பக்கம் முள்ளைப்போல நீட்டிக்கொண்டிருக்கும். மூர்த்தி அண்ணன் மட்டும், வாசலில் தவழ்ந்து வரும் நித்யாவின் கையைக் கிழித்துவிடுமே என்று, கம்பியை வெளிப்பக்கமாகக் கொண்டுவந்து கைமுறுக்கு சுற்றுவதுபோலச் சுற்றித் தட்டையாக அழுத்தி வைப்பார். அவரோடு வேலை செய்த தாஸ் அண்ணன் அதைப் பார்த்து, "இன்னாடா, ஷூவுக்குக் கம்மல் போட்டுகினு வந்துகீற?" என்று கிண்டல் செய்வார். அதற்கும் மூர்த்தி அண்ணன் சிரிப்பாரே தவிர ஒன்றும் சொல்லமாட்டார். அதிகம் பேசாத மனிதர்.

ஒரு நாள் காலை ஷிப்டுக்கென்று அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர் மில்லுக்குப் போகவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. சண்டை சச்சரவு ஏதுமில்லை, துணிமணி எடுத்துப்போகவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள்; பள்ளிப்பட்டுப் பக்கம் இருந்த அவருடைய அண்ணன் வீட்டில் விசாரித்தார்கள்; ஆந்திரப் பக்கம் சூளூர்ப்பேட்டை வரைக்கும் போய்ப் போட்டோவைக் காட்டிக் கேட்டார்கள். செல்வி அக்கா வேலைக்குப் போனார், வந்தார், ரயில் வரும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். நெற்றிக் குங்குமம் மட்டும் முன்னைவிடப் பெரிதானதுபோல இருந்தது. இருக்கிறாரா இல்லையா என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லிவிட்டால் போதும் என்று அவர் என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டிருக்கிறேன்.

வருஷம் ஒன்று போயிருக்கும். அந்த ஞாயிறு மதியத்துக் கதையில், ரயில் பாதை ஓரத்தில் முள்ளுப் புதருக்குள் ஒரு பிணம் கிடந்தது. பின்னால் தெரிந்த ரயில்வே கேட்டைப் பார்த்ததுமே, "ஏய், இது நம்ம எளாவூரு கேட்டுடா" என்று கூடம் குதூகலித்தது. அடுத்த ஸ்டேஷன் டிவியில் வந்துவிட்டது, சொந்தக்காரர் வந்ததுபோலப் பெருமை. முகத்தைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். கேமரா காலிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே போனது. அந்தக் காலில் சேப்டி ஷூ, அதில் கட்டுக்கம்பி, அந்தக் கம்பி வெளிப்பக்கமாகக் கைமுறுக்குப்போலச் சுற்றி அழுத்தப்பட்டிருந்தது.

தாஸ் அண்ணன்தான் எழுந்து நின்றார். "டேய், இது மூர்த்தி கட்டுடா" என்றார். அதற்குமேல் அந்தக் கதையை யாரும் பார்க்கவில்லை. டிவியில் இன்ஸ்பெக்டர் யாரையோ அதட்டிக்கொண்டிருக்க, கூடத்தில் இருந்த எல்லோரும் செல்வி அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடியில் இருந்த நித்யாவின் கண்ணைப் பொத்தினேன். எதற்குப் பொத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரம் முழுக்க லைன் கோர்ட்டு கச்சேரி ஆகிவிட்டது. உண்மைச் சம்பவம் என்று போட்டிருக்கிறான், போலீசிடம் கேட்காமல் எடுப்பானா, பிணத்தின் ஷூ எப்படி இருந்ததோ அப்படியே காட்டியிருக்கிறான் என்றது ஒரு கட்சி. அம்மா ஒருவர்தான் எதிர்க்கட்சி. "டிவில காட்டினான்னு தாலிய அறுப்பாங்களா? எவனோ நடிகனுக்கு எவன் ஷூவையோ மாட்டி வுட்டுகிறான்" என்று கத்தினார். தாஸ் அண்ணனை அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்க் கேட்டார். "நாங்களும் பாத்தோம்மா, அது கதை. அந்த மாதிரி பாடி எதுவும் எங்க பக்கம் கெடைக்கல" என்று பொறுமையாகவே சொல்லி அனுப்பினார்கள். லைன் அதைக் கேட்டுவிட்டு, கிடைத்தால் மட்டும் நம்மிடம் சொல்லவா போகிறார்கள் என்றது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் குங்குமம் கொடுத்துக்கொண்டே வந்த கை, செல்வி அக்காவிடம் வந்ததும் தயங்கி அடுத்தவருக்குப் போனது. கோகிலாம்மா வாசலில் நின்று, "அவன் ஆத்துமா அல்லாடிகினு கீது, இவ நெத்திய நெறச்சிகினு நின்னா அது எப்புடி கரையேறும்" என்று பொதுவில் சொன்னார்.

மறுநாள் காலை குழாயடியில் எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது செல்வி அக்கா வந்தார். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்து, முந்தானையால் அழுத்தித் துடைத்தார். குங்குமம் போன இடம் மட்டும் வெளுப்பாக, வேறு யாருடைய தோலோபோல இருந்தது. கழுத்திலிருந்ததையும் அவரே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். அவரிடம் நேராக யாரும் சொல்லவில்லை, யாரும் கூட்டிவந்து உட்கார வைக்கவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து மூர்த்தி அண்ணனின் அண்ணன் வந்து போட்டோவுக்கு மாலை போட்டுக் கருமாதி செய்தார். அம்மா அழுதார். தாஸ் அண்ணன் தூணில் சாய்ந்து ஓவென்று அழுதார். செல்வி அக்கா வந்தவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறினார். "ஒரு சொட்டுக் கண்ணீரு வுட்டாளா பாரு" என்று கோகிலாம்மா சொன்னது லைன் முழுக்கச் சுற்றி வந்து ரொம்ப நாள் இருந்தது.

எனக்கு அதன்பிறகு ஷூ என்றாலே பயம். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் வாசலில் கழற்றிப் போட்ட ஷூக்கள் லைன் நெடுக ஜோடி ஜோடியாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஆள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். கழிவறைக்குப் போவதற்கே அம்மா துணைக்கு வரவேண்டியதாயிற்று. குற்றத் தொடர் போடும் நேரத்தில் நான் வயல் பக்கம் போய் நின்றுகொள்வேன்; அங்கேயும் உடுக்கைச் சத்தம் கேட்கும்.

கல்யாணமாகி நான் திருவள்ளூருக்கு வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம், தூக்கம் வராத பழக்கத்தில் போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்தத் தொடரின் பழைய கதைகளை யாரோ ஏற்றி வைத்திருப்பதைக் கண்டேன். எளாவூர் கேட்டை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பார்க்கத் தைரியமில்லாமல் முதலில் கீழே இருந்த கருத்துகளைப் படித்தேன். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் இப்போது முகம் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள்: கொழுந்தன்தான் கொலைகாரன், இன்ஸ்பெக்டருக்குத் தொப்பை. நிறையப் பேர் சிரித்திருந்தது ஒரே ஒரு வரிக்கு. "பொணம் மூச்சு விடுது பாருங்கய்யா." பார்த்தேன். உண்மைதான். கேமரா காலிலிருந்து மேலே போகையில், வயிற்றுப் பக்கம் சட்டை மெல்ல ஏறி, மெல்ல இறங்குகிறது. ஒரு கூடம் நிறைய உட்கார்ந்திருந்தும் நாங்கள் எல்லோரும் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்கப் போகும் வழியில், கும்மிடிப்பூண்டியில் செல்வி அக்கா நான் இருந்த ரயில் பெட்டியில் ஏறினார். தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது, நெற்றி வெறும் நெற்றிதான். நித்யாவுக்குத் தொழிற்பேட்டையில் நல்ல கம்பெனியில் வேலை என்றும், மாப்பிள்ளை பார்க்கிறேன் என்றும் சொன்னார். காட்டுவதா வேண்டாமா என்று எனக்குள் போராட்டம். செத்தவர் யாரோ நடிகர்தான், உங்கள் புருஷன் இல்லை என்று இத்தனை வருஷம் கழித்தாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. போனை எடுத்து நீட்டினேன். அவர் அந்த இடம் வரைக்கும் பார்த்துவிட்டு, முகம் மாறாமல் திருப்பிக் கொடுத்தார்.

"மூச்சு வுடுறத சொல்றியா? அன்னிக்கே பாத்துட்டேம்மா" என்றார். "நீங்கள்ளாம் ஷூவப் பாத்துகினு இருந்தீங்க. எனக்கு அந்த வவுறு தெரியாதா. எத்தினி நாளு பக்கத்துல படுத்துப் பாத்த மூச்சு அது. எங்க போயிருந்தாரோ, இன்னா பொழப்போ, அந்த டிவிக்காரங்களோட வந்து அங்க படுத்துகினு கீறாரு."

"அப்ப ஏங்க்கா பொட்ட அழிச்சீங்க?" என்று கேட்டேன்.

"செத்திருந்தா, பொட்ட வெச்சிகினே அழுதுகினு கெடந்திருப்பேன். உசுரோட கீறாருன்னு தெரிஞ்சதாலதான் அழிச்சேன். எளாவூரு வரைக்கும் வந்து பொணமா படுக்கத் தெரிஞ்சவருக்கு, அடுத்த ஸ்டேசன்ல கீற ஊடு தெரியலியா?"

ரயில் எளாவூரைத் தாண்டியது. அந்த கேட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டிவிட்டார்கள். ஆரம்பாக்கத்தில் எங்கள் லைன் இருந்த இடத்தில் ஒரு குடோன் நிற்கிறது. கோகிலாம்மா இல்லை, தாஸ் அண்ணன் இல்லை, ஒரு டிவிக்கு முன்னால் ஊரே உட்கார்ந்து வாதாடுகிற வழக்கமும் போய்விட்டது. பெட்டியில் எதிரே இருந்தவர்கள் எல்லோரும் காதில் அடைத்துக்கொண்டு ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இறங்கும்போது செல்வி அக்கா என் கையைப் பிடித்தார். "நித்யாவுக்கு மட்டும் இத்தக் காட்டிடாத. அவளுக்கு அவங்க அப்பா செத்தவராவே இருக்கட்டும். பச்சக் கொழந்தைய வுட்டுட்டுப் போனவருன்னு அவ நெனைக்க வாணாம்" என்றார். காட்டமாட்டேன் என்று சொன்னேன்.

நேற்று மதியம் நித்யாவே எனக்கு ஒரு இணைப்பை அனுப்பியிருந்தாள். திறக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, இது நம்ம எளாவூர்ல எடுத்ததாம். கம்பெனில எல்லாரும் பாத்துட்டு செம்ம சிரிப்பு. பொணம் மூச்சு விடுது பாரேன்." சிரிக்கிற பொம்மை ஒன்றை வரிசையாகப் போட்டிருந்தாள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மையைத் தேடி அனுப்பினேன்.