மயக்க ஊசியும் என் வலது கையும்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. ஆரணியில் பட்டு நெய்துகொண்டிருந்த எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. குடலிறக்கம் என்று உள்ளூரிலேயே ஒரு சின்ன மருத்துவமனையில் சேர்ந்தேன். மயக்க மருந்து கொடுக்க வேலூரிலிருந்து ஒரு பெண் டாக்டர் பஸ்ஸில் வந்திருந்தார்.

ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட என் மைத்துனர் நிறையச் சொல்லி அனுப்பியிருந்தார். ஊசி போட்டதும் வாயில் பூண்டு வாசம் வருமாம், பத்து எண்ணுவதற்குள் தூக்கம் வந்துவிடுமாம். "அங்க போயி அது நோவுது, இது நோவுதுன்னு சொல்லிகினு பேஜார் பண்ணாத" என்றும் சொல்லியிருந்தார்.

எனக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகம். டாக்டர் சின்ன புட்டியிலிருந்த மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கரைத்தார். என் முழங்கை மடிப்பில் ஊசியைச் செருகி, கொஞ்சமாகச் செலுத்திவிட்டு நிறுத்தினார்.

பூண்டு வாசம் வரவில்லை. கை முழுக்க மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையில எரியுதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. "விரல் நுனி வரைக்கும் எரியுதுங்க."

அதன்பிறகு ஒரு சொட்டுகூட அவர் செலுத்தவில்லை. என் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. ஊசியை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"எடுக்கக் கூடாதுங்க. இது வழியாத்தான் இப்ப வேற மருந்து போவணும்" என்றார்.

அப்படியே ஏற்றினார். கையின் ரத்தக் குழாய்கள் விரியட்டும் என்று கழுத்தோரம் இன்னொரு ஊசியும் போட்டார். பிறகு என் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அது வலது கை. அது போனால் நான் தறியில் உட்காரவே முடியாது. வெகுநேரம் கழித்துத்தான் விரல்களில் சூடு வந்தது, நிறமும் திரும்பியது. ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள்.

மதியம் அவர் பார்க்க வந்தபோது, தூங்கவைக்கிற மருந்து எதற்காக எரிய வேண்டும் என்று கேட்டேன். கச்சாப் பட்டைச் சோடா போட்டு வேகவைக்கிறீர்களே, அந்தச் சோடா இந்தப் பொடியிலும் கலந்திருக்கிறது என்றார். இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாயில் போட்டால் ரத்தத்தோடு கலந்து மூளைக்குப் போய்விடுமாம். சிலருக்கு, கைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுமாம். என் கையில் ஊசி அதில் இறங்கிவிட்டது. மருந்து நேராக விரல்களுக்குப் போய், பொடிப்பொடியாக உறைந்து, மெல்லிய குழாய்களை அடைத்துவிடுமாம். "அதுக்குத்தான் மொதல்ல கொஞ்சம் போட்டுட்டு கேக்கறது. நீங்க சொல்லலன்னா மீதியும் போயிருக்கும்" என்றார்.

மூன்று வாரம் கழித்து, அவரே இடது கையில் ஊசி போட்டார். பூண்டு வாசம் வந்தது. ஏழு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தேன்: அந்த மருந்து எங்கே போனது? மூளையை விட்டுச் சில நிமிஷத்தில் இறங்கி, சதையிலும் கொழுப்பிலும் தங்கி, மெதுவாகத்தான் கரையும் என்றார். தூக்கம் கலைந்த பிறகும் மருந்து உள்ளேயே இருக்கும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

வலியைச் சொல்வதைப் புலம்பல் என்றே அதுவரை நினைத்திருந்தேன். எதிரில் இருப்பவர் என்னைக் காப்பாற்ற வேண்டுமானால் என்னிடமிருந்து அவருக்குக் கிடைக்க வேண்டிய ஒரே தகவல் அதுதான் என்பதை, "கையில எரியுதா?" என்ற அந்த ஒரு கேள்வி புரியவைத்தது.