மாப்பிள்ளைக்குத் தனி அறை

பாட்டுப் புத்தகம் அச்சடிக்கும் எங்கள் அலுவலகத்தில் முதலாளியின் தங்கை கணவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர். நான் பட்டம் வாங்கி அங்கே நாற்காலி பிடித்தேன். அவர் கல்யாணம் கட்டிப் பிடித்தார். அவருடையது சுழலும்.

இசைக்குறிப்பைத் தட்டிக் கொடுத்தால் அழகாகக் கோத்துத் தரும் மென்பொருள்தான் எங்கள் பிழைப்பு. அதற்குப் புதுப் பதிப்பு வந்தால் மாப்பிள்ளை அன்றைக்கே கணினியில் ஏற்றிவிடுவார். பழையதை மட்டும் எடுக்க மாட்டார். "இருந்துட்டுப் போகட்டும், சோறா கேக்குது?" என்பார். அப்படி ஒரே கணினியில் மூன்று பதிப்புகள் குடியிருந்தன. எதைக் கூப்பிட்டாலும் இருப்பதில் கிழடுதான் முதலில் எழுந்து வரும்.

இந்த முறை வந்தது ஒரு பாட்டு டீச்சரின் புத்தகம். மறுநாள் மேடையில் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பாட வேண்டும். "இது ஒழுங்கா வந்துட்டா உங்களுக்குத் தனி ரூம், மாப்ளே" என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். கதவு, ஏசி, பெயர்ப்பலகை. மாப்பிள்ளை திரைச்சீலைக்கு அளவே எடுத்துவிட்டார்.

மேடைக்கு முந்தின நாள் காலையில் மென்பொருள் முரண்டு பிடித்தது. இந்தக் கோப்பு என்னைவிடப் புதிய பதிப்புக்கு எழுதியது என்றது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அது எந்தப் பதிப்புக்கானது என்று ஓர் எண் இருக்கும். மாப்பிள்ளை அதை அழித்துப் பழைய எண்ணைப் போட்டார். சத்தம் அடங்கியது.

"பாத்தியா, வாயை மூடிட்டான்!"

"நோயாளி வாயைப் பொத்திட்டு, குணமாயிடுச்சுங்கறாரு" என்று டைப்பிஸ்ட் அக்கா என் காதில் முனகினாள்.

மாதிரித் தாளை வாங்கிய டீச்சர் மெல்லப் பாடிப் பார்த்தார். இரண்டாவது வரியில் நின்றார்.

"சார், வார்த்தை எல்லாம் ஒரு ஸ்வரம் தள்ளி நிக்குதே."

"அது மாடர்ன் ஸ்டைல், மேடம்."

"சாயங்காலத்துக்குள்ள பழைய ஸ்டைல்ல குடுங்க. இல்லன்னா வேற இடம் பாத்துக்கறேன்."

முதலாளி மாப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டார். கணினிக்கு உடம்பு சூடு என்று அவர் விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா பழைய பதிப்புகள் இரண்டையும் ஈவிரக்கமில்லாமல் தூக்கினாள். நான் எண்ணைச் சரியாகத் திரும்பப் போட்டேன். புத்தகத்தில் நிஜமாகவே பழைய பதிப்பில் எழுதியிருந்த சில பாட்டுகளை, புதியதற்கு மாற்றித் தரும் கருவியில் ஓட்டினேன். வார்த்தைகள் தத்தம் ஸ்வரத்துக்கடியில் வந்து உட்கார்ந்தன. டீச்சர் கடைசி வரை பாடிப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

மாப்பிள்ளை வெளியே வந்து தாளைப் பார்த்தார்.

"நான் போட்ட நம்பர் செட்டாக நேரமாகும்னு சொன்னேன்ல?"

முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். நடந்தது அவருக்குத் தெரியும். தன் தங்கையையும் தெரியும்.

தனி அறை கிடைத்தது. பலகையில் 'தொழில்நுட்பத் தலைவர்'. மேசையில் புதுக் கணினி. அதைப் பொருத்தும் வேலையும் எங்கள் தலையில்தான் விழுந்தது. வயர் இழுத்தால் எங்கள் கணினிகள் எல்லாம் அங்கிருந்தே அவர் கைக்கு எட்டும்.

"சார், நெட்வொர்க் வயர் இழுக்கணுமா?" என்று அக்கா கேட்டாள்.

முதலாளி மூடிய கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏசி போதும்மா."