தண்ணீர் வடிவதற்கான சரிவு

1966 ஜனவரி. திருவனந்தபுரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மைதானத்தில் பல்கலைக்கழகத் தடகளப் போட்டி நடைபெற்றது. அக்கல்லூரியின் மூன்றாம் ஆண்டு சிவில் மாணவி ஒருத்தி பெண்கள் நீளம் தாண்டுதலில் முதலிடம் பெற்றாள். அவள் தாண்டிய தூரம் பல்கலைக்கழகச் சாதனை என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

பிப்ரவரி. ஓடுபாதையின் மட்டம் எடுக்கப்பட்டது. சாதனை பதிவாகவில்லை. முதலிடம் நிலைத்தது.

1970 மே. அந்த மாணவியும் நானும் மணம் செய்துகொண்டோம்.

சென்ற ஐப்பசி. அவள் காலமானாள்.

இதற்கு மேல் எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம், அங்கு படித்த குறிப்பிடத்தக்க விளையாட்டு வீரர்களின் பெயர்களைப் புதிய உள்ளரங்கின் சுவரில் பொறிக்க முடிவு செய்திருக்கிறது. மாநில அணிக்கு வாலிபால் ஆடியவர்கள், நெடுந்தூர ஓட்டக்காரர் ஒருவர், நீச்சல்காரர் ஒருவர், பிறகு என் மனைவி. சங்கத்திலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், மேடத்தோட பேருக்கு நேரே டிஸ்டன்ஸ் எழுதணும். அது ரெக்கார்டு ஆயிருந்ததல்லோ?"

யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். அவர் கேட்டது ஓர் எண்தான். அதைச் சொல்லலாமா என்பதை முடிவு செய்ய, அந்தப் பிப்ரவரியை முழுமையாக நினைவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இந்த நகரத்தில் சமதரை தானாக அமைவதில்லை. குன்றை வெட்டித்தான் உண்டாக்க வேண்டும். எங்கள் மைதானமும் செம்பாறைச் சரிவை வெட்டி நிரவியதுதான். நிரவியவர்கள் எங்கள் துறையின் ஆசிரியர்களே. எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையை அறிந்தவர்கள் என்பதால், தண்ணீர் தேங்காமல் ஓடும்படி கிழக்கிலிருந்து மேற்காக மெல்லிய சரிவு வைத்திருந்தார்கள். சிவில் பொறியியலில் அது பாராட்டத்தக்க வேலை. நீளம் தாண்டும் பாதையும் கிழக்கிலிருந்து மேற்காகத்தான் போடப்பட்டிருந்தது என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சாதனை உறுதியாக வேண்டுமானால், ஓடும் திசையில் பாதையின் இறக்கம் ஆயிரத்துக்கு ஒன்றைத் தாண்டவில்லை என்று தகுதியுள்ள ஒருவர் சான்று தர வேண்டும் என்பது விதி. மற்ற கல்லூரிகளில் இதற்காக யாரையாவது வெளியிலிருந்து அழைத்திருப்பார்கள். எங்கள் கல்லூரியில் அது, அவளும் நானும் படித்த மூன்றாம் ஆண்டு சர்வே வகுப்பின் பயிற்சியாகிவிட்டது. அன்று மட்டம் பார்க்கும் தொலைநோக்கியான லெவல் கருவியைக் கையாள்வது எங்கள் குழுவின் முறை. குழுவில் பெண் அவள் ஒருத்திதான். கருவியைப் பார்த்து அளவு சொல்லும் வேலை அவளுடையது. அளவுக்கம்பத்தைப் பிடித்து நிற்பது என்னுடையது. தன் சாதனையைத் தானே அளக்கப் போகிறாள் என்பதை விரிவுரையாளர் உட்பட எவரும் விந்தையாகக் கருதவில்லை. அவள் துல்லியமாகப் பார்ப்பவள் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்கு அந்தச் சான்று எவ்வளவு தேவை என்பதும் தெரிந்திருந்தது. கரமனை அக்ரஹாரத்தில் இருந்த அவளுடைய தகப்பனார் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ரிக்கார்டுன்னு கடுதாசி வரட்டும். அப்பறம் டில்லி என்ன, எங்க கூப்ட்டாலும் போய்ட்டு வா. வரலைன்னா புஸ்தகத்த எடு." அகில இந்தியப் போட்டி மார்ச்சில் வடக்கே நடக்கவிருந்தது.

மேல்முனையில் கம்பத்தை நிறுத்தினேன். அளவைச் சொன்னாள், குறித்துக்கொண்டார்கள். பிறகு தாண்டுகுழியின் ஓரத்துக்கு வந்து நின்றேன். அக்காலத்துக் கருவிகளில் காட்சி தலைகீழாகத் தெரியும். கம்பத்தை அடுத்து என் முகமும் அவளுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அளவைச் சொன்னவள், இரண்டையும் கழித்துப் பார்த்தாள். இறக்கம் அனுமதித்ததைப் போல மூன்று மடங்கு இருந்தது.

எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் நாகர்கோவில்காரர். விசில் கழுத்தில் ஆட, வேகமாக என் பக்கம் வந்தார். தட்டையான செங்கல் துண்டு ஒன்றைக் காலால் தள்ளிக் கம்பத்தின் அருகே சேர்த்தார்.

"மக்கா, கம்பத்த இதுமேல வையி."

"சார், அளவு மாறும்."

"மாறதுக்குத்தாம்லே சொல்லுதேன். வையி."

வைத்தேன். கல்லின் உயரத்துக்கு இறக்கம் குறைவாகத் தெரியும். அவர் கையைத் தூக்கி, "பிள்ளே, ஒருக்கா கூடப் பாரு! காத்துல கம்பு ஆடிச்சு!" என்று கூவினார்.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். கருவியை விட்டு விலகி வெறும் கண்ணால் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"கல்ல எடுத்துடுங்கோ," என்றாள். அவள் என்னிடம் நேரடியாகப் பேசிய முதல் சொற்கள் அவை.

ஆசிரியர் அவளிடம் நடந்தார். நான் கம்பத்தோடு பின்னால் சென்றேன்.

"எம்மா, நீ சாடுனது உள்ளதுதானே? நான் கண்ணால கண்டேன். ஒரு கல்லுக்க உயரத்துக்காக்கும் டில்லிய விடப் போற."

"தாண்டினது உள்ளதுதான் சார். ஆனா இது தண்ணி ஓடறதுக்காகப் போட்ட சரிவு. நான் ஓடறதுக்குப் போட்டதில்லை."

எங்கள் குழுவில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார்; பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "இஞ்சினியர் பிள்ளைய சாட விட்டது எனக்க தப்பு."

அவள் உண்மையான அளவைக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். பாதையைத் திருப்பிப் போட்டு மறுபடி தாண்ட அனுமதி கேட்டாள். துறையில் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் போட்டிக்கான காலம் முடிந்துவிட்டது, பிறகு தேர்வு வந்தது, பிறகு மழை வந்தது. தகப்பனார் தம் சொல்லைக் காப்பாற்றினார். அவள் புத்தகத்தை எடுத்தாள். இறுதியாண்டில் தாண்டவில்லை.

திருமணத்துக்குப் பிறகு நான் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த இறக்கம் ஓட்டத்தின் வேகத்துக்குக் கொடுத்திருக்கக்கூடிய உதவி மிகச் சிறிது. தூரத்தில் ஒரு கட்டைவிரல் அகலம்கூட வராது. பழைய சாதனையை அவள் கடந்தது அதைவிடப் பல மடங்கு. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காக நின்றபோது இதை அவளிடம் சொன்னேன். காய்கறிப் பையைக் கைமாற்றிக்கொண்டாள்.

"நான் அன்னிக்கு ராத்திரியே போட்டுட்டேன் அந்தக் கணக்க," என்றாள்.

"பின்னே?"

"அது கணக்கு. அளவு இல்லையே."

பஸ் வந்தது. பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அரசுப் பணியில் அவள் சாலைகளும் வடிகால்களும் அமைத்தாள். அவள் அமைத்த எந்தச் சாலையிலும் மழைநீர் நின்று நான் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற பின் பழைய லெவல் ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்தின் மட்டத்தை அவ்வப்போது எடுத்துவந்தாள். கம்பம் பிடிப்பது என் வேலையாகவே இருந்தது.

செய்யாமல் இருப்பவை:

சங்கத்து இளைஞருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பெயரும் ஆண்டும் முதலிடமும் போதும். தூரம் வேண்டாம்.

மாடிப்படியின் கீழே முக்காலியோடு நிற்கும் லெவலை மடித்துப் பெட்டியில் வைக்கவில்லை.

மைதானத்துக்குப் போய், தாண்டுகுழியிலிருந்து மேல்முனை வரை ஒருமுறை நடந்து பார்க்கவில்லை.

கொல்லைப்புற வடிகாலில் தண்ணீர் நிற்கிறது. அடுத்த மழைக்குள் உடைத்துக் கட்ட வேண்டும். எவ்வளவு சரிவு வைப்பது என்று அளந்து சொல்வதாக இருந்தாள்.