குதிரைக்குட்டியின் இடது கண்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் காலையில், சோழவரம் பக்கம் உள்ள சின்னக் குதிரைப் பண்ணை ஒன்றில் இது நடந்தது. நான் திருவள்ளூரில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வருட அனுபவம். சான்றிதழில் போடும் என் கையெழுத்தின் மேல் எனக்கே கொஞ்சம் கர்வம் உண்டு.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் ஷிப்ட் மேனேஜராக இருந்தவர், தன் பத்து வயது மகளுக்காக ஒன்றரை வயதுப் பெண் குதிரைக்குட்டியை வாங்க வந்திருந்தார். இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமென்றால் மருத்துவர் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். அதற்குத்தான் என்னை அழைத்திருந்தார்.

குட்டி செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. பல், இதயம், மூச்சு எல்லாம் பார்த்தேன். கெட்டித் தரையில் நடக்கவிட்டு, ஓடவிட்டு, கால்களைக் கவனித்தேன். குறையே இல்லை. கண்ணுக்கு வெயிலில் நின்றபடியே டார்ச் அடித்தேன். முகத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் கையை வீசினேன். இரண்டு கண்ணும் சிமிட்டின. 'பார்வை நன்று' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துக்குப் பேனாவை வைத்தேன்.

அப்போது, குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் பேசினாள். அந்தப் பண்ணையில் தீனி, தண்ணீர் எல்லாம் அவள் பொறுப்பு. என் வயதுதான் இருக்கும்.

"டாக்டரம்மா, கையெழுத்து போடறதுக்கு மின்ன ஒண்ணு சொல்றேன். இடது பக்கம் வெச்ச பக்கெட்ட இது பாக்கவே மாட்டேங்குது. தெனம் தட்டி உட்டுக்கினுதான் போவுது."

பக்கத்தில் நின்ற பண்ணைக்காரர் முகம் மாறியது. "உனுக்கு இன்னா தெரியும்? போய் வேலைய பாரு" என்றார். அவள் நகரவில்லை. கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கும் முதலில் எரிச்சல்தான். ஆனாலும் பையிலிருந்து பஞ்சு எடுத்து, குட்டியின் வலது கண்ணுக்கு முன்னால் ஓசையில்லாமல் விழவிட்டேன். தலை திரும்பியது. இடது பக்கம் விழவிட்டேன். அசைவே இல்லை. வலது கண்ணைத் துண்டால் மூடி நடத்தினோம். வழியில் வைத்திருந்த பக்கெட்டில் நேராகப் போய் இடித்து நின்றது. இருட்டான கொட்டகைக்குள் கொண்டுபோய் டார்ச் அடித்தபோது, கண்ணின் உட்புறம் பழைய தழும்பு தெளிவாகத் தெரிந்தது.

நான் கையை வீசியபோது எழுந்த காற்றுக்குத்தான் அந்தக் கண் சிமிட்டியிருக்கிறது. கல்லூரியில் எச்சரித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவசரத்தில் கோட்டைவிட்டிருந்தேன்.

மூன்று பேருக்கும் முன்னால் சொன்னேன்: "இவங்க சொன்னதுதான் சரி. நான் பாத்ததுதான் தப்பு." எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இடது கண்ணில் பார்வை இல்லை.

வாங்க வந்தவர் குட்டியின் இடது பக்கம் போய் நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன வாரம் எம்பொண்ணு இந்தப் பக்கமாத்தான் ஓடியாந்து கட்டிப் புடிச்சா, டாக்டர்." கண் தெரியாத பக்கத்திலிருந்து தொட்டால் மிரண்டு உதைக்கும் என்பதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் அந்தக் குட்டியை வாங்கவில்லை. அந்தப் பெண்ணின் வேலை போய்விடுமோ என்று நான் பயந்தேன். நான்கு நாள் கழித்துப் பண்ணைக்காரரே போன் செய்தார். தழும்பு விஷயம் தனக்கும் தெரியாதென்று சொல்லி, மீதிக் குட்டிகளையும் வந்து பார்க்கச் சொன்னார். போனபோது அவள் அங்கேயே இருந்தாள். ஒற்றைக் கண் குட்டியின் இடது பக்கம் போகும்போதெல்லாம் முதலில் குரல் கொடுத்துவிட்டுத்தான் தொட்டாள்.

இன்றைக்கும் நான் தயக்கமில்லாமல்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த விலங்குக்குத் தினமும் தண்ணீர் வைப்பவரிடம் கேட்காமல் போடுவதில்லை. என் அவசரத்தில் தவறியது, அப்படி ஒருத்தியின் கவனத்துக்குத் தப்பவில்லை என்பதை நேரில் பார்த்தவள் நான்.