டிவியில் வந்த நாத்தனார் குரல்

வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற மேனகா, கூடை சுமந்தே மகள் யாழினியை நர்சிங் படிக்க வைக்கிறாள். படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று புருஷன் காத்தவராயனிடம் அடித்துச் சொல்லியிருந்தாள். அவனும் மாரியாத்தா மேல் சத்தியம் செய்திருந்தான்.

மாசி மகத்தில் எடுத்த வீடியோவைக் காட்ட, ஒருநாள் அவன் செல்போனை டிவியோடு இணைத்தான். தெருவே வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது. வீடியோவில் சாமி கடலில் இறங்கும் நேரத்தில், பிள்ளைச்சாவடியிலிருந்து அவன் அக்கா சின்னப்பாப்பா வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அக்காவுக்கும் தம்பிக்கும் எழுத்துத் தெரியாது, எல்லாம் குரலில்தான். டிவி நினைப்பே இல்லாமல் அவன் பழக்கத்தில் அதைத் தொட்டுவிட்டான்.

"தம்பி, வெள்ளிக்கிழம தட்டு மாத்திக்கலாம். பொண்ணு படிச்சது போதும், எம்புள்ளைக்குக் கட்டிடலாம். மேனகாகிட்ட மூச்சு விடாத, கடைசில சொல்லிக்கலாம்" என்று டிவி அலறியது.

காத்தவராயன் முகம் செத்துப்போனது. "ஐய, அக்கா சும்மா பேசுது..." என்று இழுத்தான்.

"வாய மூடுய்யா! சத்தியம் பண்ண வாயா இது?" மேனகா போனைப் பிடுங்கி, மைக்கை அழுத்திப் பிடித்தாள்.

"அண்ணி, நீ பேசுனத ஊரே கேட்டுச்சு. எம்பொண்ணு படிப்பு முடியறதுக்குள்ள எவன் தட்டத் தூக்கினு வந்தாலும், மீன் கழுவுன தண்ணிய மூஞ்சில ஊத்துவேன்."

எழுந்த கூட்டத்தைப் பார்த்தாள். "எங்க கெளம்பிட்டீங்க? உக்காந்து சாமியப் பாருங்க. இந்தாளு மட்டும் வெளிய நிக்கட்டும்."