மெடிக்கலுக்குப் போகாத நாள்

விமானம் ஓட்டும் லைசன்ஸோடு நான் அரியலூருக்குத் திரும்பியது தொண்ணூற்று ஏழில். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்பம்மா வேலைக்குப் போற?" என்னை முந்திக்கொண்டு அப்பா பதில் சொல்வார். "ஆர்டர் வரணும்ங்க. வந்துடும்."

அப்பா சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் வைத்திருந்தார். அவற்றில் இரண்டை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். அம்மா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஆர்டர் வரவில்லை. அந்த வருடங்களில் தனியார் விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மிஞ்சியிருந்தவையும் ஆள் எடுக்கவில்லை. பம்பாய்க்கு ஒரே ஒரு இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள். எஞ்சினைப் பற்றி இரண்டு கேள்வி, கல்யாணத்தைப் பற்றி நான்கு கேள்வி. பிறகு கடிதம் எழுதுவதாகச் சொன்னவர்கள் எழுதவே இல்லை.

பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். தினமும் காலையில் பஸ். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் பாதித் தூக்கத்தில் போவேன். பருத்திக் காடும் சோளக் காடும் ஒன்றில் ஒன்று கரைந்து பின்னால் ஓடும். பஸ் இறக்கத்தில் வேகமெடுக்கும்போது மடியில் இருக்கும் கை தானாக இறுகும், எதையோ பிடித்து மெல்லப் பின்னால் இழுப்பதுபோல. சக்கரங்கள் ரோட்டை விட்டுவிட்டன என்று ஒரு கணம் நம்புவேன். கண்டக்டர் விசிலடித்ததும் கண் திறந்தால் யாரோ சின்ன வெங்காய மூட்டையோடு ஏறிக்கொண்டிருப்பார்கள்.

பள்ளியில் என் பக்கத்து நாற்காலி லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் தமிழ் டீச்சருக்கு. என் வயதுதான். கணவர் துபாயில். எனக்கு லைசன்ஸ் இருப்பது தெரிந்த அன்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரரு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ஏறுவாரு. ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டே ஓதிக்கிட்டு இருப்பாராம்" என்றாள். "ஓட்டுறவங்க கண்ணத் தொறந்து வச்சிருப்பீங்கள்ல?"

"தொறந்துதான் வச்சிருப்போம்" என்றேன். அந்த 'வச்சிருப்போம்' அன்று முழுவதும் வாயில் இனித்தது.

வேலை இல்லாவிட்டாலும் லைசன்ஸை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு வருடமும் சில மணி நேரம் பறக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சென்னை போய் மெடிக்கல் என்கிற உடல் பரிசோதனையை முடிக்க வேண்டும். கோடை விடுமுறையில் அப்பா என்னை அனுப்பி வைப்பார். ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர் கேட்காததுதான் எனக்குக் கனமாக இருந்தது.

ஆறாவது வருடமும் மெடிக்கலுக்காகச் சென்னை போனேன். சித்தி வீட்டில் தங்கி, காலையில் வெறும் வயிற்றோடு ஆட்டோவில் போய்ப் பரிசோதனை மையத்தின் வாசலில் இறங்கினேன். உள்ளே முறைக்காகக் காத்திருப்பவர்களின் நாற்காலிகள் வரிசையாகத் தெரிந்தன. ரத்தம் எடுப்பார்கள், காதைச் சோதிப்பார்கள், எந்தக் குறையும் இல்லாத உடம்பு என்று எழுதித் தருவார்கள். அதை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்துவேன். இந்த நினைப்பு வந்ததும் கால் உள்ளே போக மறுத்தது. அதே ஆட்டோவில் ஏறிக் கடற்கரைக்குப் போனேன். வெயில் ஏறும்வரை மணலில் உட்கார்ந்திருந்தேன். துக்கமாக இல்லை. காய்ச்சல் விட்டதுபோல உடம்பு லேசாக இருந்தது.

ஊருக்கு வந்ததும் அப்பா கேட்டார், "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா" என்றேன்.

அதன்பின் இரண்டு வருடம் அந்தப் பொய்யோடு இருந்தேன். கோடையில் பறக்கப் போகவில்லை. பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன். அப்பா நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில் தமிழ் டீச்சர் செய்தித்தாளோடு ஓடி வந்தாள். புதிது புதிதாக விமானக் கம்பெனிகள். அரைப் பக்கத்துக்கு விளம்பரம். கோ-பைலட்டுகள் தேவை.

"பாத்தியா! இதுக்குத்தானே இத்தன வருசம் காத்துக்கிட்டு இருந்த" என்றாள்.

என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. மெடிக்கலுக்குப் போகாமல் லைசன்ஸ் காலாவதியாகிவிட்டதை அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் திட்டவில்லை. "போய் அத்தாகிட்ட சொல்லு. இன்னைக்கே சொல்லு" என்றாள். அவளுக்கு யாருடைய அப்பாவும் அத்தாதான்.

அன்று சாயங்காலம் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் போய் நின்றேன். கடற்கரை வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இப்ப அந்த வேல வேணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

"வேணும்ப்பா."

"அப்ப நாளைக்கே கெளம்பு."

விட்டுப்போன பரீட்சைகளை மறுபடி எழுதி, மெடிக்கல் முடித்து, பறந்து காட்டி, லைசன்ஸைப் புதுப்பிக்க நான்கு மாதம் ஆனது. சின்ன விமானங்கள் ஓட்டும் ஒரு புதிய கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. பயிற்சிச் செலவைக் கழித்துக்கொண்டு கைக்கு வந்த சம்பளமே பள்ளியில் வாங்கியதைப்போல் பல மடங்கு. ஆனால் கம்பெனியில் ஒரு பட்டியல் இருந்தது. சேர்ந்த தேதிப்படி சீனியாரிட்டி. கேப்டன் ஆவது, லீவு, நல்ல ரூட் எல்லாம் அதன்படிதான். எனக்கு முந்தைய நான்கு மாதத்தில் சேர்ந்திருந்தார்கள் இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் பதினேழு பேர். முப்பது வயதில் நான் அவர்களுக்குக் கீழே.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழி எங்கள் ஊருக்கு மேலேதான். முதன்முறை அப்படிப் போன காலை, வெளிச்சம் பாலில் கரைத்ததுபோல் இருந்தது. உயரம் குறைத்துக்கொண்டே வந்தோம். மேகம் விலகியது. கல் வெட்டி எடுத்த பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் பச்சைப் பச்சையாகத் தெரிந்தது. தள்ளி, கொள்ளிடம் வெறும் மணலாகப் படுத்திருந்தது. சத்தமே இல்லாத ஊர். அங்கேதான் இத்தனை வருடம் காத்திருந்தேன் என்பதை நம்ப முடியவில்லை. யாரோ சொன்ன கதைபோல இருந்தது.

பக்கத்தில் இருந்த கேப்டன் குளிர்தேசத்துக்காரர், ஒப்பந்தத்தில் வந்தவர். அவர் சம்பளம் இந்தியக் கேப்டன்களுடையதைவிட அதிகம். அதனால் அவரோடு யாரும் மனம்விட்டுப் பேசுவதில்லை. எனக்கும் எரிச்சல் உண்டு. அவரைப் போன்றவர்களைக் கொண்டுவருவதால்தான் எங்களுக்குக் கேப்டன் பயிற்சி தள்ளிப்போகிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் திருச்சியில் பயணிகள் இறங்கும் இடைவெளியில் தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது கேட்டேவிட்டேன். "இவ்வளவு சம்பளம் வாங்குகிறீர்கள். சந்தோஷமாக இருக்கிறீர்களா?"

அவர் கோபிக்கவில்லை. "இருபது வருடம் வேலை பார்த்த கம்பெனி ஒரே வாரத்தில் மூடிவிட்டது. சீனியாரிட்டியில் மேலே இருந்தேன். அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லாமல் போனது. என் மகள்களைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது" என்றார். நான் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன். இரண்டு வாய் சாப்பிட்டார்.

இரண்டாயிரத்து ஏழில் எனக்கான கேப்டன் பயிற்சி மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனது. அறிவிப்பைப் படித்துவிட்டு லீவு எழுதிக் கொடுத்து அரியலூருக்கு வந்தேன். இரண்டு நாள் தூங்கினேன். கண் விழிக்கும்போதெல்லாம் அதே கணக்குதான். அன்று அந்த மெடிக்கல் வாசலுக்குள் போயிருந்தால், நான்கு மாதம் முன்னால் சேர்ந்திருப்பேன். அந்தப் பதினேழு பேரும் எனக்குக் கீழே இருந்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் தமிழ் டீச்சரைப் பார்க்கப் போனேன். கணவரோடு துபாய்க்கே குடிபோக அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ரோஸ்மில்க் கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நெசமாச் சொல்லு. அந்த வேல புடிச்சிருக்கா?"

சம்பளத்தைச் சொல்லலாம் என்று வாயெடுத்து நிறுத்தினேன். "ரன்வே தெரிஞ்சதுலேருந்து சக்கரம் தொடுற வரைக்கும் ரெண்டு மூணு நிமிசம் இருக்கும். அது புடிச்சிருக்கு. மத்தபடி ரோஸ்டர், லேட்டு, பட்டியலு..."

"ரெண்டு நிமிசமா!" என்று சிரித்தாள். "நம்ம ஸ்கூல்ல ஒரு பீரியடு அப்படி இருந்துச்சா உனக்கு?"

நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். நான்கு டிரிப், அதே குளிர்தேசத்துக் கேப்டன். மூன்றாவதை என்னை ஓட்டச் சொன்னார். கடலூர் தாண்டியதும் மேகத்துக்குள் நுழைந்தோம். முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒரே வெள்ளை. நகர்கிறோமா நிற்கிறோமா என்பது கருவிகளின் முட்களுக்கு மட்டுமே தெரியும். எவ்வளவு நேரம் அப்படிப் போனோமோ, வெள்ளை கிழிந்து, மழையில் நனைந்த ரன்வே நேர் எதிரே கிடந்தது. தொட்டது தெரியாமல் இறக்கினேன். பின்னால் பயணிகள் எழுந்து பெட்டிகளை எடுக்கும் சத்தம் கேட்டது.

"நன்றாக இருந்தது" என்றார் கேப்டன்.

"ஆமாம்" என்றேன். வைப்பரை நிறுத்திவிட்டு அடுத்த டிரிப்புக்கான தாளை எடுத்தேன்.