காரிக்கு வரவேண்டிய கிண்ணம்

நாங்கள் மூன்று பேரும் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ராட்சத லொறிகளில்தான் வந்து நிற்கும். ஆளுயரச் சக்கரம் பூட்டிய அமெரிக்க லொறிகள். இரண்டிரண்டாக நின்று, விளக்கு மாறியதும் பாய்ந்து, நசுங்கிய கார்களின் மேல் ஏறிக் குதித்து எல்லைக் கோட்டுக்கு ஓடும். தோற்றது வெளியே போகும், வென்றது அடுத்த சுற்றுக்கு வரும். மட்டக்களப்பில் அப்படி ஒரு லொறியை யாரும் நேரில் கண்டதில்லை. நாங்களும் இன்றுவரை கண்டதில்லை. ஆனால் எங்கள் இருபதுகளில் அவற்றின் உறுமல் எங்களுக்கு வீட்டு நாய்களின் குரைப்பைப் போலப் பழக்கமாக இருந்தது.

அவற்றை எங்களிடம் சேர்த்தவர் ஏறாவூர் நண்பனின் மூத்த சகோதரர். அவன் காக்கா என்பான். நாங்களும் அப்படியே அழைத்தோம். சவூதியில் தண்ணீர் ஏற்றும் பவுசர் லொறி ஓட்டினார். தொலைக்காட்சியில் போகும் ஓட்டங்களை வீடியோ கசெட்டில் பதிந்து, விடுமுறையில் வருகிற யாராவது ஒருவரின் பெட்டியில், சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் நடுவில் வைத்து அனுப்புவார். கடிதம் எழுதுகிற பழக்கம் அவரிடம் இல்லை. கசெட் வந்தால் ஆள் சுகமாக இருக்கிறார் என்று வீட்டார் எடுத்துக்கொள்வார்கள்.

முதலாவது கசெட் முன்மாரி நெல் வெட்டு முடிந்த கையோடு வந்தது. இரண்டாவது நோன்பு காலத்தில் வந்தது. ஆண்டையும் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் எந்த ஆண்டு என்பதில் மற்ற இருவருக்கும் உடன்பாடு இல்லை, என்னிடமும் சான்று இல்லை. ஆகவே விட்டுவிடுகிறேன்.

படம் பார்த்தது ஏறாவூரில், நண்பனின் வாப்பா நடத்திய அரிசி ஆலையின் பின்னறையில். ஆலை ஓடுகிற நேரத்தில்தான் ஜெனரேட்டரும் ஓடும். எனவே நெல் குத்துகிற இரைச்சலுக்குள், தவிடு பறக்கிற அறையில், பட்டப்பகலில் பார்த்தோம். வர்ணனை அரைகுறையாகத்தான் கேட்கும். யுத்தம் நடந்த அந்த நாட்களில் எங்கள் பக்கத்திலிருந்து ஏறாவூருக்குப் போய்வருவது எல்லா நாளும் முடிகிற காரியமும் அல்ல. போக முடிந்த நாளில் ஒரே கசெட்டை மூன்று தரம் ஓடவிடுவோம்.

லொறிகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். ஏறாவூரான் தேர்ந்தது நீல லொறி, அது நீலன். உன்னிச்சையிலிருந்து வருகிற நண்பன் உழவு மெசின் ஓட்டுபவன். அவன் கறுப்பைப் பிடித்துக்கொண்டு காரி என்றான். என் பங்குக்குக் கிடைத்தது செவலை. அது அநேகமாக முதல் சுற்றிலேயே புகைவிட்டு நின்றுவிடும்.

“உன்ட செவலைக்கு ஓட்டம் வேணாம் மச்சான், வைத்தியர்தான் வேணும்,” என்பான் உன்னிச்சையான்.

“உன்ட காரி வளைவில ஆமை மாதிரிக் கிறுகுது. நீ ஆருக்கு நியாயம் சொல்ற?” என்பேன்.

“கிறுகையில பைய, மறுகாப் பாய்ச்சல். வயல் வட்டைக்குள்ள மெசின இறக்கிப் பாரு, அப்ப விளங்கும்.”

பெரிய சண்டை புள்ளிகளைப் பற்றித்தான். அங்கே ஒரு பருவம் முழுவதும் ஊர் ஊராக ஓடி, புள்ளிகளைக் கூட்டி, முடிவில் ஒரு லொறிக்குக் கிண்ணம் கொடுப்பார்கள் என்ற அளவுக்கு விளங்கியது. புள்ளிப் பட்டியல் திரையில் ஒரு கணம் தோன்றி மறையும். படத்தை நிறுத்தினால் கோடுகள் நடுங்கி ஒரு எழுத்தும் தெரியாது. எனவே நாங்களே விதி செய்தோம். சுற்றை வென்றால் இரண்டு, இறுதியை வென்றால் ஐந்து, கவிழ்ந்தபடியே கோட்டைத் தாண்டினால் இரக்கத்துக்கு ஒன்று. தனித்தனியாக ஓடி நேரம் பார்க்கிற தகுதி ஓட்டத்துக்கும் அங்கே புள்ளி உண்டு என்பதை வெகுகாலம் கழித்து வாசித்தறிந்தேன். நாங்கள் அதை ஒத்திகை என்று நினைத்து வேகமாகச் சுற்றிவிட்டோம். மொத்தங்களை ஆலைச் சுவரில் சோக்கால் எழுதிவைத்தோம். அந்தச் சுவர் பிறகு எத்தனையோ தரம் வெள்ளையடிக்கப்பட்டுவிட்டது.

மூன்றாவது கசெட் முடிந்தபோது காரி முன்னால் நின்றது. மூன்றாவதில் இறுதியை நீலன் வென்றும் போதவில்லை. அந்த வாரம் காக்கா தொலைபேசியில் கிடைத்தார். கடைவீதியிலிருந்த தொலைபேசி நிலையத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று நண்பன் கத்தியது தெருவுக்கே கேட்டது.

“காக்கா, நீலம்தான் என்ட லொறி! நீலம் வெல்லுறத அனுப்பு! கேக்குதா? நீலம்!”

அத்தோடு இணைப்பு அறுந்தது. மறுமுனையில் அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி எடுத்தும் கிடைக்கவில்லை. அண்ணனோடு அவன் பேசியது அதுதான் கடைசி. சில வாரங்களில் பவுசர் பாலைவனச் சாலையில் புரண்டதாகச் செய்தி வந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

கசெட் செய்திக்குப் பிந்தி வந்தது. பயணத்தில் தாமதித்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகுதான் அதைப் போட்டுப் பார்த்தோம். இடையிடையே கேட்ட வர்ணனை இம்முறை அரபு. நிறமும் வேறு மாதிரி, நீலன் பச்சை கலந்து தெரிந்தது. முதல் சுற்று இல்லை, ஓட்டம் நடுவிலிருந்து தொடங்கியது. இறுதியை நீலன் வென்றது. உன்னிச்சையான் எழுந்துபோய் நீலனின் புள்ளிகளைத் தன் கையாலேயே சுவரில் கூட்டி எழுதினான். கிண்ணம் நீலனுக்கு என்று முடிவாயிற்று. அன்றைக்கு யாரும் யாரையும் பகிடி பண்ணவில்லை.

பிறகு வந்த வருடங்களில் பகிடி தாராளமாக நடந்தது. ஆனால் எப்போது பேசினாலும் ஏறாவூரான் ஒரு இடத்தில் குரல் இறங்கிக் கேட்பான்: “அண்டைக்கு நான் போன்ல சொன்னது காக்காக்குக் கேட்டிருக்குமா மச்சான்?” “கேட்டிரிக்கும்” என்போம். அவன் அதை நம்பியதில்லை.

இந்த வருடம் ஏறாவூரான் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது கசெட்டுகளில் பூஞ்சணம் பிடித்திருக்கக் கண்டான். புளியந்தீவில் பழைய கலியாண வீடியோக்களைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிற ஒரு கடை உண்டு. நான் கொண்டுபோனேன். முதல் இரண்டும் போய்விட்டன. மூன்றாவதும் அரபுக் கசெட்டும் பிழைத்தன.

சரியாக ஏறியிருக்கிறதா என்று கடையிலிருந்தே ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது கசெட்டின் இறுதி ஓட்டத்தில், பார்வையாளர் வரிசையில் ஒரு மஞ்சள் குடை தெரிந்தது. காரியின் கதவு கழன்று விழுந்து அதன் முன்னால் உருண்டது. அரபுக் கசெட்டிலும் அதே குடை, அதே கதவு, அதே உருளல். இரண்டும் ஒரே ஓட்டம். வேறு தொலைக்காட்சி வேறு குரலோடு மறுபடி காட்டியிருக்கிறது. நாங்கள் நீலனுக்கு இரண்டு தரம் புள்ளி போட்டிருக்கிறோம்.

கிண்ணம் காரியுடையது.

படம் பார்க்கக் கூடிய நாளில், ஏறாவூர் வீட்டு வாசலில் உன்னிச்சையானைப் பிடித்து இதைச் சொன்னேன். தயிர்ச் சட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி கேட்டான்.

“வடிவாப் பாத்தியா?”

“நாலு தரம் பாத்தன்.”

கொஞ்சம் யோசித்தான். “சொல்லாத. அது காக்கா கடைசியா அனுப்பின கசெட். அத இல்லையெண்டு சொல்லிக் கிண்ணம் எடுத்து நான் எங்க வைக்க?”

எனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பிழை என்று தெரிந்த ஒன்றை அப்படியே விட்டுவைப்பது என் சுபாவம் அல்ல. ஆனால் கிண்ணத்துக்கு உரியவனே வேண்டாம் என்கிறான். அரபுக் கசெட்டை மட்டும் போடுவது என்று பேசிக்கொண்டு உள்ளே போனோம்.

வாவி இறால் கறியும் சோறும் சாப்பிட்டு, தயிரையும் முடித்துவிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். அரபுக் கசெட் முடிந்தது. “மற்றதையும் போடு,” என்றான் ஏறாவூரான். இன்னொரு நாள் பார்ப்போமே என்றேன். “இன்னொரு நாள் என்னத்துக்கு? தா இஞ்ச.” ரிமோட்டை என் கையிலிருந்து பறித்துக்கொண்டான்.

குடை வந்தது. கதவு உருண்டது. அவன் நிறுத்தினான். பின்னால் சுற்றினான். மறுபடி ஓடவிட்டான். பிறகு அரபுக் கசெட்டுக்குப் போய் அதே இடத்தைத் தேடிப் பிடித்தான். நாங்கள் இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இது ரெண்டும் ஒண்டு.”

“ஓம்,” என்றேன்.

“உனக்குத் தெரியுமா?”

“கடையில பாக்கக்குள்ளதான் தெரிஞ்ச.”

உன்னிச்சையான் அவசரமாகக் குறுக்கிட்டான். “அது கிடக்கட்டும் மச்சான், கிண்ணம் உனக்குத்தான். எனக்கு அந்தக் கறள் பிடிச்ச லொறி…”

“பொறு.” அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “முதல் ஒருக்கா அனுப்பினத என்னத்துக்குத் திருப்பி அனுப்பின அவன்? மறந்துட்டானா?”

பிறகு அவனே சொன்னான், மிக மெதுவாக.

“நீலம் வெல்லுறத அனுப்பு எண்டு நான்தான் சொன்ன. நீலம் வெண்ட ஓட்டம் இது ஒண்டுதானே.”

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. கடையில் நாலு தரம் பார்த்தும், குடையையும் கதவையும்தான் பார்த்திருந்தேன்.

அவன் எழுந்துபோய் வெறும் தயிர்ச் சட்டியை எடுத்துவந்து உன்னிச்சையானின் மடியில் வைத்தான். “இந்தா கிண்ணம். காரி வெண்டுட்டு.”

“நான் கொண்டந்த சட்டியையே எனக்குத் தாறியா? அதுவும் கழுவாம?”

“கழுவித் தர நீ என்ன மாப்பிள்ளையா?”

சிரித்தோம். சட்டியை அவன் கடைசிவரை மடியை விட்டு இறக்கவில்லை.

பிறகு ஏறாவூரான் அரபுக் கசெட்டை ஆரம்பத்திலிருந்து போட்டான். மூன்றாவது கசெட்டில் விளம்பரங்கள் எல்லாம் அப்படியே ஓடும்: தொப்பி, பல்பசை, கார். இதில் ஒன்றும் இல்லை. விளம்பரம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் படம் ஒருமுறை துள்ளி, அடுத்த ஓட்டத்துக்குத் தாவியது. பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு ஒருவர் கூடவே இருந்து பதிந்திருக்கிறார்.

“இஞ்ச அமத்திரிக்கான்,” என்றான் அவன். படம் மறுபடி துள்ளியது. “இஞ்ச.”

லொறிகளை அவன் பார்க்கவில்லை. துள்ளல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நீலன் கோட்டைத் தாண்டியது, அந்த ஓட்டத்தின் பரிசைத் தூக்கினார்கள், ஓட்டம் முடிந்தது. ஆனால் கசெட் நிற்கவில்லை. ஒரு பெண் வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள், ஏதோ சமையல் நிகழ்ச்சி. ஆலையில் பார்த்தபோது நாங்கள் இந்த இடம்வரை வந்ததில்லை, நீலன் வென்றதும் நிறுத்திவிடுவோம். அவள் சட்டியில் எண்ணெய் விட்டாள். வெங்காயம் சிவந்தது.

“ஓட்டம் முடிஞ்ச மறுகாவும் காக்கா எழும்பல்ல,” என்றான் நண்பன்.

அவள் எதையோ கிளறிக்கொண்டே அரபியில் பேசினாள். திடீரென்று படம் அறுந்து, திரை வெறும் புள்ளிகளாக இரைந்தது.

“இப்பதான் எழும்பின,” என்றான்.

நான் நிறுத்தக் கை நீட்டினேன். உன்னிச்சையான் சட்டியோடு என் பக்கம் சாய்ந்து, வேண்டாம் என்று என் கையைப் பிடித்தான்.